சிவப்பு விளக்கைக் கவனித்தோமா?



பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்ய அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒலிக்கலவை மேசையின் ‘மாஸ்டர்’ பகுதியை ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டறிந்தே இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களின் கதைகளைப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றிருந்தோம். அங்கிருந்தது பழைய அனலாக் மேசை. ஒலிப்பதிவாளர் பதிவைத் தொடக்கிவிட்டுச் சற்றே வெளியே சென்றார். கண்ணாடிக்கு அப்பால், காதில் ஹெட்போனுடன் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். ‘டாக்பேக்’ பொத்தானை அழுத்தி, “தொடங்கம்மா” என்றேன். விரலை எடுத்ததும் விடுபடும் பொத்தான்கள் உண்டு. இதுவோ அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை. அதனை நான் அறியவில்லை.

ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் மிகத் தாழ்ந்து கேட்டது. கட்டுப்பாட்டு அறையின் ஒலியளவுக் குமிழைத் திருகி ஏற்றினேன். பக்கத்திலிருந்த ஆசிரியரிடம், “இந்தப் பிள்ளைக்குக் குரலே எழவில்லை. வேறு ஒருவரை அழைத்து வந்திருக்கலாம்” என்றேன்.

கதை பாதியில் நின்றது. “ஐயா, இன்னும் உரக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள் அவள். அப்பொழுதுதான் பொத்தானருகே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் கண்டேன். நான் பேசியவை அனைத்தும் அவள் காதில் விழுந்திருந்தன.

உண்மையில் அவள் குரலில் குறையே இல்லை. டாக்பேக்கை அழுத்தினால், பல மேசைகளில் ‘டிம்’ என்னும் அமைப்பு ஒலிபெருக்கியின் ஒலியைத் தானாகவே தாழ்த்திவிடும். ஒலிபெருக்கியின் ஓசை டாக்பேக் ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. நான் திருகிய குமிழ் எங்கள் காதுக்கு எட்டும் ஒலியை மட்டுமே மாற்றும், பதிவை மாற்றாது. பதிவுக்குச் செல்லும் கலவையின் அளவை ஆள்வது மாஸ்டர் ஃபேடர். அந்த அளவைக் காட்டும் மானியின் முள் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. நான்தான் அதனைப் பார்க்கவில்லை.

ஆகவே, சிலவற்றைப் பரிந்துரைக்கிறேன். குரல் தாழ்ந்து கேட்டால் முதலில் மானியைப் பாருங்கள். டாக்பேக்கை அழுத்திப் பேசியதும் விடுவியுங்கள். ‘சோலோ’ பொத்தான் எதுவும் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அழுந்தியிருந்தால் மற்றக் குரல்கள் பதிவாகிக்கொண்டிருந்தாலும் நமக்குக் கேட்காமல் போகலாம். குழுவாகப் பாடியதை ‘மோனோ’ பொத்தானை அழுத்தியும் ஒருமுறை கேளுங்கள். இரண்டு ஒலிவாங்கிகளில் பதிந்த ஒலி ஒன்றாகச் சேரும்போது சில வேளைகளில் மெலிந்துவிடும். ஒற்றை ஒலிபெருக்கி உள்ள மண்டபத்தில் ஒலிபரப்பும்போதுதான் அக்குறை வெளிப்படும்.

“எல்லாம் கணினிக்கு மாறிவிட்ட காலத்தில் பழைய மேசையைப் பற்றி எதற்கு?” எனச் சிலர் கேட்கலாம். கணினிப் பதிவிலும் நாம் கேட்கும் அளவு வேறு, பதிவாகும் அளவு வேறுதான். அனலாக் மேசையில் இவ்வேறுபாட்டைக் கையால் தொட்டே உணரலாம். வாய்ப்புக் கிடைத்தால் மாணவர்களையும் மேசையருகே நிறுத்தி, ஒலிப்பதிவாளரின் துணையோடு இவற்றை இயக்கிப் பார்க்கச் செய்யுங்கள். பெரியவர்களின் பேச்சைத் தங்கள் காதுக்குக் கொண்டுவரும் பொத்தான் எது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

அன்று அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையசைத்துவிட்டு, கதையை மீண்டும் முதலிலிருந்து சொன்னாள். பிழையில்லாமல் சொன்னாள். ஆனால், முதல் முறை இருந்த துள்ளல் அதில் இல்லை. வெளியிட்ட குறுவட்டில் இருப்பது அந்த இரண்டாம் பதிவுதான்.

பிள்ளையின் குரலைக் குறை சொல்லுமுன், நம் விரல் எந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறது என்று பார்ப்போம்.