சுங்குடி முடிச்சு

மதுரைச் சௌராஷ்டிரப் பெண்டிர் தம் இல்லங்களில் அமர்ந்து இட்ட முடிச்சுகளே சுங்குடிச் சேலைக்குப் புகழ் தந்தன. 2005-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் மெழுகச்சும் திரையச்சும் மலிந்துவிட்டமையால், முடிச்சிடும் கரங்கள் அருகி வருகின்றன.

கற்க விழையும் சகோதரிகளுக்குச் சில சொல்வோம். முதலில் துணியின் கஞ்சியைப் போக்குங்கள். இன்றேல் சாயம் திட்டுத்திட்டாகப் பற்றும். நகநுனியால் துணியைச் சிறிதே கிள்ளி, அடியில் நூலை இறுகச் சுற்றிக் கட்டுங்கள். தளர்ந்த கட்டினுள் சாயம் புகுந்தால் புள்ளியே மறையும். ஒரு மணி நேர உழைப்பு வீண். கிள்ளும் அளவு மாறினால் புள்ளியும் பெரிதும் சிறிதுமாகும். சாயமிட்டபின், துணி நன்கு உலரும்வரை முடிச்சை அவிழ்க்காதீர்கள். (பொறுமையற்றோர் தவறுவது இங்கேதான்!)

கடையில் வாங்குவோர் புள்ளியை உற்று நோக்குக: வெண்வளையத்தின் நடுவே சிறு சாயப்பொட்டு இருப்பின், அது பெரும்பாலும் கையால் கட்டியதே.