அடையாள அட்டை இலக்கம் ஓர் எண்ணா?

நாங்க கலைப்பீட மாணவர்கள். ஆனாலும் சி மொழியில 'இன்ட்' என்றால் என்னன்னு தெரிஞ்சுக்கிறது எங்களுக்கும் அவசியம்னு நினைக்கிறோம்.

பழைய அடையாள அட்டையில 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016-ல் வந்த புதிய முறையில 12 இலக்கம். 32 பிட் இன்ட் கொள்ளும் உச்சம் 2,147,483,647. பழைய ஒன்பது இலக்கம் அதுக்குள்ள அடங்கும், புதியது அடங்காது. 200300000000-ஐ 'லாங் லாங்' மாறியில வச்சு, இன்ட்டுக்கு மாத்திப் பாருங்க. வழக்கமான கணினிகள்ல -1563462912 வரும். நிரல் நிக்காது; பிழைன்னும் சொல்லாது. 1996-ல ஏரியான் 5 ராக்கெட் வெடிச்சதுக்கும் இதே மாதிரி, பெரிய எண்ணைச் சின்ன இடத்துல திணிச்சதுதான் மூலகாரணம்.

அப்ப லாங் லாங் போதுமா? 12 இலக்கமும் கொள்ளும். ஆனா பழைய அட்டையின் கடைசி எழுத்தை எங்க வைக்கிறது? இது கூட்டிக் கழிக்கிற எண்ணே இல்ல. எழுத்துச் சரமாத்தான் வைக்கணும் என்பது எங்க கருத்து.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்க ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 2003-ல் வந்த சட்டம் வரைக்கும் பலர் காத்திருந்தாங்க. இரத்தினபுரி, கேகாலை லயங்கள்ல அந்த அட்டையைப் பத்திரமா வச்சிருக்கிறது சும்மா இல்ல. அதை ஒரு வரி நிரல் கழித்தல் குறியாக்கிடக் கூடாது.