முன் பிரேக் நமக்குப் பகையா?

“முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்!” நாகரசம்பட்டிப் பக்கத்தில் சைக்கிள் பழகிய எவரும் கேட்ட முதல் பாடம் இது. எங்கள் வீட்டுச் சைக்கிளில் முன் பிரேக்கையே அப்பா கழற்றிவிட்டார். அதே அச்சத்தோடு இன்று மின் ஸ்கூட்டரில் ஏறுகிறோம். அது தவறு என்பதே என் கருத்து.

பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பற்றுகிறது. பின் சக்கரத்தின் பிடி குறைகிறது. ஆகவே, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதே. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரும் வேகத்தைக் குறைக்கும். ஆனால், அது பின் சக்கரத்தில் மட்டுந்தான். பேட்டரி நிறைந்திருந்தால் அதுவும் குறையும்.

முன் பிரேக் இரு வகை. டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேயப் பிடி தளரும். கேபிளைச் சரிசெய்ய வேண்டும். டிஸ்க் பிரேக்கில் பேடைத் தட்டின்மேல் நெருக்குவது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் ஈராண்டுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். தட்டில் கிரீஸ் படவே கூடாது.

ஒரு பிடியில் இரு சக்கரமும் அடங்கும் இணைப்புப் பிரேக்கோ, ஏ.பி.எஸ்ஸோ சிறு வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலில் கட்டாயமாயிற்று. ஆனால், கேபிள் தளர்ந்து கிடந்தால் சட்டம் என்ன செய்யும்?

சென்ற மழைக்காலத்தில் இரவு ஷிப்டு முடிந்து வந்த என் அண்ணன், நாய் குறுக்கிட இடக்கைப் பிரேக்கைப் பிடித்தான். பின் சக்கரம் மட்டுமே நின்று வழுக்கியது. கை எலும்பு முறிந்தது. இரண்டு மாதச் சம்பளமும் போயிற்று. முன் கேபிள் தொளதொளவென்று இருந்ததைப் பிறகுதான் கண்டோம். “என்ஜின் இல்லாத வண்டிக்குச் சர்வீஸ் எதற்கு?” என்று ஓராண்டு விட்டுவிட்டோம். குற்றம் எங்களுடையதே.

பெரியவர்கள் அஞ்சியதிலும் நியாயம் உண்டு. மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி சாயும். அதற்கு மருந்து பயிற்சியே. வெற்று மைதானத்தில் ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சீராக அழுத்திப் பழக வேண்டும்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின் ஸ்கூட்டர்கள் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றைச் செய்யும் மண்ணில் பிறந்த நாம் பேணவும் அறிய வேண்டாமா? பருவத்துக்கு ஒரு நாள், நம் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் இயற்பியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து பிரேக் சோதனை நடத்தட்டும். ஸ்பானர் பிடிக்க முதல் ஆளாக நான் வருகிறேன். நீங்களும் வருவீர்களா, தோழர்களே?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்