வாங்கிய மரமும் வளர்த்த மரமும்: ஜப்பான், சீனா தரும் பாடம்

ஒரு நாட்டின் மர இறக்குமதி கூடினால் அதன் காடு அழிந்துவிட்டது என்றும், குறைந்தால் காடு தழைத்துவிட்டது என்றும் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். பைன், ஸ்புரூஸ் போன்ற மென்மரங்களை ஜப்பானும் சீனாவும் வாங்கி வந்த வரலாற்றை ஒப்பிட்டால், இந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் ஜப்பானின் மலைகளை மொட்டையாக்கியது. போர்த் தேவைக்கும், பின்னர் எரிந்த நகரங்களை மீளக் கட்டுவதற்கும் மரங்கள் தறிக்கப்பட்டன. அந்த மலைகளில் சுகி, ஹினோக்கி ஆகிய ஊசியிலை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. ஆனால் அவை முதிர ஏறத்தாழ 50 ஆண்டுகள் வேண்டும். வீடிழந்தவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. 1964இல் மர இறக்குமதி முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்கா, கனடா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் மரம் வந்து குவிந்தது. 1950களின் நடுப்பகுதியில் தனது மரத்தேவையில் பத்தில் ஒன்பது பங்கைத் தானே நிறைவுசெய்த நாடு, 2002இல் 18 வீதமளவுக்கு இறங்கியது.

மலிவான இறக்குமதிக்கு முன்னால் உள்ளூர் மரத்துக்கு விலையில்லை. நட்டவர்களின் பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள். கிளை கழிக்கவும் நெருக்கம் குறைக்கவும் ஆளின்றித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. இன்று தன்னிறைவு மீண்டும் 40 வீதத்தைத் தொட்டிருக்கிறது. மரம் முதிர்ந்தது ஒரு காரணம். மற்றையது, வீடு கட்டுவோர் குறைந்தது: 1996இல் 16 இலட்சத்துக்கு மேல் தொடங்கப்பட்ட வீடுகள், 2009இல் 8 இலட்சத்துக்கும் கீழே போயின.

சீனாவின் பாதை வேறு. 1998இல் யாங்சி ஆற்று வெள்ளம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மேல்நிலக் காடழிப்பே வெள்ளத்தை மோசமாக்கியது என உணர்ந்த அரசு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. 1999இல் மரக்குற்றிகளுக்கான இறக்குமதித் தீர்வை நீக்கப்பட்டது. வெட்டு நிற்கவில்லை, எல்லை தாண்டி ரஷ்யாவின் சைபீரியாவுக்குப் போனது. 2007 முதல் ரஷ்யா குற்றிகளுக்கு ஏற்றுமதி வரியை உயர்த்த, நியூசிலாந்தின் பைன் அந்த இடத்தைப் பிடித்தது. 2021க்குப் பின் சீனாவின் வீடமைப்புத் துறை சரிந்தபோது, மரத்துக்கான கேள்வியும் சரிந்தது.

ஆக, சீனா தன் காட்டைக் காக்க இன்னொருவரின் காட்டை வாங்கியது. ஜப்பான் தன் காடு வளரும்வரை இன்னொருவரின் காட்டில் வாழ்ந்தது; ஆனால் அந்த இடைக்காலத்தில் காட்டை வளர்த்த கிராமங்களை இழந்தது.

இந்த இரண்டாவது கதையை நான் எங்கள் மண்ணில் நின்றுதான் வாசிக்கிறேன். பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளையும், எறிகணையில் தலையிழந்த தென்னைகளையும் நாம் மறக்கவில்லை. பனையும் தீராந்திக்கும் சிலாகைக்கும் வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் எடுக்கும். மீள்நடுகை என்றால் கன்றுகளின் எண்ணிக்கையைத்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள். இருபதாவது ஆண்டில் அந்தக் கன்றைப் பார்க்கும் குடும்பம் எதை நம்பி அந்த ஊரில் இருக்கும் என்பதையும் நாம் கேட்கவேண்டும். ஜப்பான் அந்தக் கேள்வியைக் காலந்தாழ்த்தியே கேட்டது. அதற்குள் மலைக்கிராமங்கள் வெறிச்சோடிவிட்டன.