ரிப்பன் மாளிகை

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து வெள்ளை வெளேரென நிற்கும் ரிப்பன் மாளிகை, சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகம். 1909-இல் வைஸ்ராய் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913-இல் ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்தார். இந்தியாவில் உள்ளாட்சிக்கு வழி திறந்த ரிப்பன் பிரபுவின் பெயரைச் சூட்டியது முற்றிலும் பொருத்தம். வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், செலவு ஏறத்தாழ ஏழரை லட்சம் ரூபாய். நடுவே உயரும் கோபுரத்தின் கடிகாரம் இங்கிலாந்தின் ஜில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் நிறுவனத்தின் தயாரிப்பு, சாவி கொடுத்து ஓடும் இயந்திரம். கைக்கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில் அது ஊருக்கே பொதுச்சொத்து. கட்டுமானப் பொருளைப் பொறுத்தவரை, நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சுரம் கோயில் கருங்கல்லின் பலத்தில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிட்டது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்தரங்களும் கொண்ட ரிப்பன் மாளிகைக்கு அந்தப் பலம் கிடையாது. மழைநீர் இறங்கினால் காரை உதிரும், மரம் உளுத்துப்போகும். சிமென்ட் பூசினாலோ ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிக் கேடு செய்யும். எனவே பழுது பார்ப்பதும் சுண்ணாம்பாலேயே நடக்க வேண்டும், அந்த வேலை தெரிந்த கொத்தனார்களை மாநகராட்சி தொடர்ந்து ஆதரிக்கவும் வேண்டும். அருகில் மாநகராட்சியின் கூடுதல் அலுவலகமான அம்மா மாளிகை எழுந்த பிறகும் மாமன்றம் இங்கேதான் கூடுகிறது.