காட்டுத்தீ போட்டோவில் யாரைக் காணோம்?

கோவை ஆலாந்துறை அருகே 2023 ஏப்ரலில் மலை எரிந்தபோது, நம்ம போன்களில் அதிகம் சுற்றியது ஹெலிகாப்டர்தான். சூலூரிலிருந்து வந்த விமானப்படையின் எம்ஐ-17, கேரளாவின் மலம்புழா அணையில் தண்ணீரை அள்ளிவந்து மேலிருந்து கொட்டியது. பார்க்க மாஸ்தான். ஆனால் மேலிருந்து விழும் தண்ணீர் பெரும்பாலும் தீயின் வேகத்தைத்தான் குறைக்கும். சருகுக்கடியில் கனன்றுகொண்டிருப்பதை அணைப்பது தரையில் நிற்கிற ஆட்கள். பச்சைக் கிளையை ஒடித்து அடிப்பார்கள். தீ தாண்டாமலிருக்க சருகைக் கூட்டித் தள்ளி கோடு போடுவார்கள். இவர்களில் பலர் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலர்கள்.

அவர்களை ஏன் யாரும் படமெடுப்பதில்லை? செங்குத்துச் சரிவு, புகை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். ஆபத்தும்கூட: 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அப்போ வழி? வனத்துறையே எடுத்து வெளியிடலாம், பெயரோடு. நாளைக்குப் பணி நிரந்தரம் கேட்கும்போது அந்தப் படமும் ஒரு சாட்சி.