தண்ணீருக்கு நாள் குறித்தீர், சாக்குக்கு?

வைகை அணையின் மதகு திறக்கப்படுகிறது. அமைச்சர்கள் மலர் தூவுகின்றனர்; மறுநாள் ஏட்டிலே படம் வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலத்துக்கு 120 நாள் தண்ணீர்! முதல் 45 நாள் முழுமையாக, பின்னர் 75 நாள் முறை வைத்து. அரசாணையின் வழக்கமான வாசகம் இது. நாளும் அளவும் முறையும் துல்லியம்! கணக்குப் போடத் தெரிந்த கைகள் கோட்டையிலே இருக்கின்றன என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அந்தக் கைகளைப் பார்த்துத்தான் கேட்கிறோம். சூன் தொடக்கத்தில் நீர் விட்டால் 120 நாள் கழித்து என்ன வரும்? செப்டம்பர் இறுதி வரும். கதிர் முற்றி வரும். அதன் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை வரும்! இதை அறியச் சோதிடம் வேண்டாம், நாட்காட்டி போதும். ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையம் எப்போது வருகிறது? நெல் களத்திலே குவிந்து, உழவர் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்து, சாலையிலே மறியலுக்கு அமர்ந்த பிறகு வருகிறது, பல ஊர்களில். நிலையம் வந்தால் சாக்கு இல்லை. சாக்கு வந்தால் லாரி இல்லை. லாரி வந்தால் கிடங்கிலே இடமில்லை. நாடகம் எழுதுகிறவன் நான். திரை தூக்கிய பின் அரசனுக்குக் கிரீடம் தேடுகிற கம்பெனி எத்தனை நாள் நடக்கும் என்பதை அறிவேன்!

அரிவாளால் அறுத்த காலத்தில் அறுவடை வாரக்கணக்கில் நடந்தது. நெல் சிறுகச் சிறுகக் களத்துக்கு வந்தது. இன்று எந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கரை அறுத்துத் தள்ளுகிறது. வயலின் வேகம் மாறிற்று. தராசின் வேகம் மாறவில்லை.

இந்தத் தாமதம் இலவசமா? 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எடையில் ஏறத்தாழ 6 கிலோ குறையும். நனைந்ததை மீண்டும் உலர்த்தக் கூலி, மூடத் தார்ப்பாய், காத்துக் கிடக்கும் லாரிக்கு வாடகை. ஈரமென்று நிலையம் தள்ளிய நெல்லை வியாபாரி வாங்குகிறான், தன் விலைக்கு! 2025 அக்டோபரில் காவிரிப் பாசனப் பகுதியிலே குறுவை நெல் மழையில் நனைந்தது. ஈரப்பத வரம்பை 22 விழுக்காடாக உயர்த்துமாறு தமிழக அரசு எழுதியது. தில்லியிலிருந்து குழு வந்து பார்த்தது. குழு பார்க்கும்வரை மழை காத்திருக்குமா?

"எவ்வளவு நெல் வருமென்று முன்கூட்டி எப்படித் தெரியும்?" என்கிறார்கள் அதிகாரிகள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் புரட்டுங்கள், ஐயா! எந்த நிலத்தில் என்ன பயிர் என்பது அதில் இருக்கிறது. அத்துடன் நடவு நாளைக் கூட்டினால் அறுவடை வாரம் கிடைக்கும். கிளைக்கால்வாய் வாரியாக நடவைச் சில நாள் முன்பின்னாக்கினால், ஒரே நாளில் ஊரெல்லாம் ஒரு தராசின் முன் நிற்க நேராது. சப்பானின் டொயோட்டா ஆலை, தேவையான உறுப்பைத் தேவையான நேரத்தில் வரச்செய்தே உலகை வென்றது. அங்கே உறுப்பு தாமதித்தால் ஆலை நிற்கும். இங்கே சாக்கு தாமதித்தால் நெல் முளைக்கும்.

தோழர்களே! நடவு முடிந்த வாரத்திலேயே கிளைதோறும் நடவு நாளையும் ஏக்கரையும் எழுதுங்கள். எந்த வாரம் எங்கே நிலையம், எத்தனை சாக்கு, எத்தனை லாரி என்று கேட்டு, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.